1944-ன் சிறந்த பேஸ்பால் வீரர் யார்? போர்க்கால சீசனை எப்படி எடைபோடுவது?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப்போர் சமயத்தில் அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் வீரர்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களை வைத்து நடத்திய 1944 சீசனில் ‘மிக மதிப்புள்ள வீரர்’ விருது வாங்கியவர்களை நிஜமாகவே சிறந்தவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா? இல்லையென்றால் வேறு யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும்? 1945 பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் தேர்வு. மேஜர் லீக் என்றால் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரண்டும் சேர்ந்தது, விருது ஒவ்வொன்றுக்கும் தனி. அமெரிக்கன் லீகில் டெட்ராய்ட் டைகர்ஸின் டிஸ்ஸி ட்ரவுட். நேஷனல் லீகில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஸ்டான் மியூஸியல். இரண்டு பேருமே அந்த ஆண்டு விருது வாங்கவில்லை. ட்ரவுட் வெறும் 4 புள்ளியில் கோட்டைவிட்டார். மியூஸியலுக்கு நாலாவது இடம்தான் கிடைத்தது. விருதை வாங்கியது ட்ரவுட்டின் சக பிட்சர் (பந்துவீச்சாளர்) ஹால் நியூஹவுசரும், மியூஸியலின் டீமிலேயே ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடிய மார்ட்டி மேரியனும். ஒவ்வொரு லீகிலும் தகராறு ஒரே டீமுக்குள்தான் என்பது வேடிக்கை.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு விஷயம். பிட்சரின் இ.ஆர்.ஏ. என்பது ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் (ஃபீல்டர் தவறால் போன ரன் சேராது) என்ற கணக்கு; கிரிக்கெட் பவுலிங் சராசரி மாதிரி, குறைந்தால் நல்லது. பேட்டிங் சராசரி .347 என்றால் ஆயிரம் முறை அடிக்க நின்றால் 347 முறை ஹிட், அதாவது அடித்துப் பத்திரமாகப் பேஸைச் சேர்ந்தது, என்று அர்த்தம். அங்கே .300-ஐத் தொட்டாலே நல்ல பேட்டர்.

இனி சூழ்நிலை. பேர்ல் ஹார்பருக்குப் பிறகு பேஸ்பாலை நிறுத்திவிடலாமா என்று கமிஷனர் லாண்டிஸ் கேட்டு எழுத, 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட், ஆட்டம் தொடர்வது நாட்டுக்கு நல்லது என்று பதில் போட்டார். ஆனால் வீரர்களுக்குச் சலுகை எதுவும் கிடையாது. வயதும் உடம்பும் சரியாக இருந்தால் யாராக இருந்தாலும் போகவேண்டியதுதான். டெட் வில்லியம்ஸ், ஜோ டிமாஜியோ, பாப் ஃபெல்லர், ஹாங்க் கிரீன்பெர்க் எல்லாரும் 1944-ல் ராணுவச் சீருடையில் இருந்தார்கள். போர் முடிவதற்குள் 500-க்கும் மேற்பட்ட மேஜர் லீக் வீரர்கள் படையில் சேர்ந்திருந்தார்கள். எஞ்சியவர்களில் நிறையப் பேர் ‘4-எஃப்’ என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், அதாவது மருத்துவப் பரிசோதனையில் தள்ளப்பட்டவர்கள். அப்புறம் வயதானவர்கள், பையன்கள்.

பையன்கள் என்று சும்மா சொல்லவில்லை. 1944 ஜூன் 10 அன்று சின்சினாட்டியில் ரெட்ஸ் டீம் கார்டினல்ஸிடம் 13-0 என்று உதை வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் மேனேஜர் மெக்கெக்னி, ஜோ நக்ஸ்ஹால் என்ற பையனைப் பந்துவீசக் கூப்பிட்டார். வயது 15, பதினாறு முடிய இன்னும் ஏழு வாரம் இருந்தது. எழுந்து ஓடிய வேகத்தில் டக்அவுட் படியில் தடுக்கி விழுந்தான். அவன் அதுவரை பந்துவீசியதெல்லாம் தன் வயதுப் பையன்களுக்கு. இப்போது எதிரே சாம்பியன் டீம். எப்படியோ இரண்டு பேரை அவுட் ஆக்கிவிட்டான். பிறகு பந்து கைக்கு அடங்கவே இல்லை. மொத்தம் ஐந்து வாக் (நாலு பந்து தப்பாகப் போனால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), இரண்டு ஹிட், ஐந்து ரன். ஆட்டம் 18-0 என்று முடிந்தது. அந்த இரண்டு ஹிட்டில் ஒன்று ஸ்டான் மியூஸியல் அடித்தது.

போர்க்கால சீசன் பற்றிய பிரச்சினை முழுவதும் இந்த ஒரு ஹிட்டில் அடங்கியிருக்கிறது. 1944-ல் மியூஸியல் அடித்த 197 ஹிட்டுகளில் ஒன்று பள்ளிக்கூடப் பையன் வீசிய பந்து. அதைக் கழித்துவிடலாமா? சரி, கழித்தால் 196. மற்றதில் எத்தனை ‘நிஜமான’ பிட்சர்களிடம் அடித்தவை? இதற்கு முடிவே இல்லை. அதனால்தான் பலரும் சுலபமான வழியில் போகிறார்கள்: போர்க்கால எண்கள் எல்லாவற்றிலும் ஒரே அளவு தள்ளுபடி, பத்து சதவீதமோ பதினைந்தோ. எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது. எல்லாருக்கும் ஒரே தள்ளுபடி கொடுத்தால் வரிசை மாறவே மாறாது. எதிரணி பலவீனமானதால் யார் அதிகம் ஆதாயம் அடைந்தார், யார் அப்படியில்லாமலே ஆடியிருப்பார் என்பதுதான் விஷயம், அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

அதனால் நான் பார்ப்பது ஒவ்வொருவரின் முன்கதையும் பின்கதையும். போருக்கு முன் எப்படி ஆடினார், 1946-ல் எல்லாரும் திரும்பி வந்தபிறகு என்ன ஆனார். 1946 ஒரு உரைகல் மாதிரி.

மியூஸியல் விஷயத்தில் அந்த உரைகல் தேவையே இல்லை என்றாலும் சொல்கிறேன். 1943-ல் .357, விருது. 1944-ல் .347. 1945-ல் கடற்படை. 1946-ல் .365, மறுபடி விருது. பந்து யார் கையில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

நேர் எதிரான உதாரணம் நியூயார்க் யாங்கீஸின் ஸ்னஃபி ஸ்டர்ன்வைஸ். வயிற்றுப்புண் காரணமாக ராணுவத்தில் எடுக்கவில்லை. 1944-ல் 205 ஹிட், 125 ரன், 55 பேஸ் திருட்டு (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), மூன்றிலும் லீகில் முதலிடம். சராசரி .319. செகண்ட் பேஸில் அருமையான ஃபீல்டர். காகிதத்தில் பார்த்தால் அமெரிக்கன் லீகின் சிறந்த பேட்டர் இவர்தான் என்று வாதாடலாம். 1945-ல் .309 அடித்து பேட்டிங் பட்டமும் வாங்கினார், அது தனிக்கதை. கடைசி நாள் வரை முன்னணியில் இருந்தவர் சிகாகோவின் டோனி குச்சினெல்லோ, வயது 37. அவருடைய கடைசி ஆட்டங்கள் மழையில் போயின. ஸ்டர்ன்வைஸ் கடைசி நாளில் மூன்று ஹிட் அடித்து, புள்ளிக்குப் பின் நாலாவது இலக்கத்தில் அவரைத் தாண்டினார். பட்டத்தை மயிரிழையில் தவறவிட்ட குச்சினெல்லோவை டீம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது, அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை. 1946-ல் எல்லாரும் திரும்பினார்கள். ஸ்டர்ன்வைஸின் சராசரி .251 ஆனது. அடுத்த ஆண்டு .256. ஃபீல்டிங் மட்டும் அப்படியே இருந்தது. கால் வேகமும் கையும் போரால் வந்தவை அல்ல, ஆனால் பேட்டிங்கில் ஒரு பங்கு நிச்சயம் அப்படித்தான். அதனால் என் பட்டியலில் அவருக்கு மூன்றாவது இடம்தான். சிலர் இதை அநியாயம் என்பார்கள்.

முன்கதை பின்கதை பார்க்கும்போது ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிகாகோ கப்ஸின் பில் நிக்கல்சன் 1944-ல் 33 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி), 122 ஆர்.பி.ஐ. (தன் அடியால் ஓடிவந்து சேர்ந்த ரன்கள்), 116 ரன்; மூன்றிலும் நேஷனல் லீகில் முதல். ஜூலை 23 அன்று நியூயார்க்கில் ஜயண்ட்ஸுக்கு எதிராக அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஹோம் ரன்களாகப் பொழிந்தார். இரண்டாவது ஆட்டத்தில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது இவர் அடிக்க வந்தார். ஜயண்ட்ஸ் மேனேஜர் மெல் ஆட் என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே வாக் கொடுக்கச் சொன்னார். ஒரு ரன் இலவசமாகப் போனாலும் பரவாயில்லை, இவன் அடிக்க வேண்டாம் என்று. ஆட்டத்தை ஜயண்ட்ஸ்தான் ஜெயித்தது. அப்படிப்பட்டவர் 1945-ல் .243-க்கு விழுந்தார், ஹோம் ரன் 13. ஆனால் 1945 எதிரணிகள் இன்னும் பலவீனமாக இருந்த ஆண்டு! ஆகவே சரிவு என்றாலே ‘பாருங்கள், போர்க்கால வீரர்’ என்று முடிவுகட்ட முடியாது. உடம்பு, கண், வயது, துரதிர்ஷ்டம் என்று ஆயிரம் காரணம் இருக்கும்.

இப்போது விருது கணக்கு. அப்போது வாக்களித்தது பத்திரிகையாளர்கள்: எட்டு நகரம், ஊருக்கு மூன்று பேர், மொத்தம் 24 பேர். ஒவ்வொருவரும் பத்துப் பெயரை வரிசையாக எழுதவேண்டும். முதல் பெயருக்கு 14 புள்ளி, இரண்டாவதுக்கு 9, பிறகு 8, 7 என்று இறங்கும். நேஷனல் லீகில் மேரியன் 190, நிக்கல்சன் 189. யாராவது ஒரே ஒருவர் நிக்கல்சனை ஆறாவதாக எழுதியதை ஐந்தாவதாக எழுதியிருந்தால் சமம். அமெரிக்கன் லீகில் நியூஹவுசர் 236, ட்ரவுட் 232. ஒரே ஒரு சீட்டில் முதலும் இரண்டும் இடம் மாறியிருந்தால் 5 இங்கே ஏறி 5 அங்கே இறங்கி ட்ரவுட் ஜெயித்திருப்பார். இந்த அளவு நெருக்கமான முடிவை ‘வாக்காளர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்’ என்று பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

மேரியனைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். ஒல்லியான நீண்ட உடம்பு, எட்டாத பந்துக்கெல்லாம் கை நீளும். ‘ஆக்டோபஸ்’ என்று பட்டப்பெயர். ஷார்ட்ஸ்டாப் என்பது ஃபீல்டிங்கில் மிகக் கடினமான இடம். ஆனால் பேட்டிங் .267, ஹோம் ரன் 6. சாம்பியன் டீமிலிருந்துதான் எடுக்கவேண்டும் என்று பத்திரிகையாளர்கள் நினைத்திருந்தால் அது சரி. அந்தக் கார்டினல்ஸ் 105 ஆட்டம் ஜெயித்து, இரண்டாவது டீமைவிட 14½ ஆட்டம் முன்னால் முடித்தது. ஆனால் அதே டீமில் மியூஸியல் இருந்தாரே! .347 சராசரி, 51 டபுள் (இரண்டு பேஸ் தரும் ஹிட்), 112 ரன், 94 ஆர்.பி.ஐ. அந்த இடைவெளியை எந்த ஃபீல்டிங்கும் அடைக்காது. முந்தின ஆண்டு வாங்கிவிட்டானே, இந்தத் தடவை இன்னொருவனுக்கு என்ற மனநிலை வேலை செய்திருக்கும் என்பது என் ஊகம். எல்லா ஊரிலும் விருதுக் கமிட்டிகள் இப்படித்தான்.

நிக்கல்சனை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்கலாம். கப்ஸ் முதல் ஆட்டத்தை ஜெயித்துவிட்டுத் தொடர்ந்து 13 தோற்று, 75-79 என்று நாலாவதாக முடித்தது. டீம் தோற்றதற்கு அவரைக் குறைசொல்ல மாட்டேன். பேஸில் வந்து நிற்பதில் மியூஸியல் அவரைவிட வெகுதூரம் மேலே, அவ்வளவுதான். இரண்டாவது இடம் நிக்கல்சனுக்கு, தயக்கமே இல்லை. ப்ரூக்ளினின் டிக்ஸி வாக்கர் .357 அடித்துப் பட்டம் வாங்கினார், அவருக்கு மூன்றாவது.

அமெரிக்கன் லீக்தான் சுவாரசியம். டைகர்ஸ் மொத்தம் ஜெயித்தது 88 ஆட்டம். அதில் நியூஹவுசர் 29, ட்ரவுட் 27. இரண்டு பேர் சேர்ந்து 56. இப்படி ஒரு ஜோடியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நியூஹவுசர் 29 வெற்றி, 9 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.22, ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரை அடிக்கவிடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது) 187, லீகில் முதல். ட்ரவுட் 27 வெற்றி, 14 தோல்வி, இ.ஆர்.ஏ. 2.12, லீகில் முதல். பார்த்தவுடன் 29-9 கண்ணைப் பறிக்கும். அந்தக் காலத்துப் பத்திரிகையாளருக்கு வெற்றி தோல்விதான் எல்லாம். ஆனால் இன்னிங்ஸ் கணக்கைப் பாருங்கள்: நியூஹவுசர் 312⅓, ட்ரவுட் 352⅓. சரியாக 40 இன்னிங்ஸ் கூடுதல், அதாவது நாலு முழு ஆட்டத்துக்கு மேல், அதுவும் குறைந்த ரன் கொடுத்து. 33 ஆட்டங்களை ஆரம்பம் முதல் முடிவு வரை தானே வீசி முடித்தார், நியூஹவுசர் 25. போதாததற்கு ட்ரவுட் பேட் பிடிக்கத் தெரிந்தவர்: .271, ஐந்து ஹோம் ரன். அந்த ஆண்டு லீகில் அதிக ஹோம் ரன் அடித்த நிக் எட்டனே 22-தான் அடித்தார் என்றால், பிட்சர் ஒருவர் ஐந்து அடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். பிட்ச்சிங், பேட்டிங் எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்கும் இன்றைய கணக்கு முறைகளும் ட்ரவுட்டைத்தான் முன்னால் வைக்கின்றன.

ட்ரவுட்டைப் பார்த்தால் யாருக்கும் நட்சத்திர வீரர் என்று தோன்றாது. கண்ணாடி போட்டவர். பேண்ட் பின்பாக்கெட்டில் பெரிய சிவப்புக் கைக்குட்டை தொங்கும். பிட்ச்சிங் மேட்டில் நின்று நிதானமாக அதை எடுத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் வீசுவார். பேட்டர் காத்திருந்து கடுப்பாவார். கூட்டம் சிரிக்கும்.

சீசனின் கடைசி நாள், 1944 அக்டோபர் 1. டைகர்ஸும் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸும் சமநிலை. பிரவுன்ஸ் அதுவரை ஒருமுறைகூட லீகை ஜெயிக்காத டீம். முந்தின நாள் நியூஹவுசர் தன் 29-வது வெற்றியை எடுத்தார். கடைசி ஆட்டத்துக்கு, போதிய ஓய்வு இல்லாத ட்ரவுட்டைத்தான் மறுபடி இறக்கினார்கள். வேறு யாரை நம்புவது? எதிரே கடைசி இடத்தில் கிடந்த வாஷிங்டன். 4-1 தோல்வி. அதே நாளில் செயின்ட் லூயிஸில் செட் லாப்ஸ் இரண்டு ஹோம் ரன் அடிக்க, பிரவுன்ஸ் யாங்கீஸை 5-2 என்று வென்று, ஒரு ஆட்ட வித்தியாசத்தில் லீகை எடுத்துக்கொண்டது. செயின்ட் லூயிஸில் இருந்தவரை அந்த டீமுக்கு அது ஒன்றுதான். ட்ரவுட் கடைசியாகத் தோற்ற அந்தக் காட்சி வாக்குச் சீட்டு எழுதும்போது மனதில் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த 352 இன்னிங்ஸ் இல்லாமல் டைகர்ஸ் அக்டோபர் 1-க்கு வந்தே இருக்காது.

நியூஹவுசரைக் குறைசொல்லித்தான் ட்ரவுட்டை ஏற்றவேண்டும் என்றில்லை. உண்மையில் ‘போர்க்கால வீரர்’ என்ற பழியை அதிகம் சுமந்தவர் நியூஹவுசர்தான், அதுதான் பெரிய அநியாயம். ராணுவத்தில் சேரப் பலமுறை முயன்றும் இதயக் கோளாறு என்று திருப்பி அனுப்பப்பட்டவர். 1943-ல் அவர் கணக்கு 8 வெற்றி, 17 தோல்வி. நன்றாகக் கவனியுங்கள்: வில்லியம்ஸும் டிமாஜியோவும் 1943-லேயே போய்விட்டார்கள். எதிரணி பலவீனம்தான் காரணம் என்றால் அந்த ஆண்டே அவர் ஜெயித்திருக்க வேண்டும். மாறியது அவர்தான். பால் ரிச்சர்ட்ஸ் என்ற அனுபவசாலி கேட்ச்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) அவரைப் பக்குவப்படுத்தினார், வீச்சையும் முன்கோபத்தையும். ஃபீல்டர் பந்தைக் கோட்டைவிட்டால் மேட்டிலேயே முறைத்து நிற்பவர், மெல்ல அடங்கினார். 1945-ல் 25-9, இ.ஆர்.ஏ. 1.81. 1946-ல் எல்லாரும் திரும்பிய பிறகு? 26-9, 1.94, 275 ஸ்ட்ரைக்அவுட். அந்த ஆண்டு விருதில் டெட் வில்லியம்ஸுக்கு அடுத்த இடம். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன நிரூபிக்க வேண்டும்? இருந்தும் ஆட்டத்தைவிட்டு 37 ஆண்டு கழித்து, 1992-ல்தான் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) சேர்த்தார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை இந்த விருதை வாங்கிய ஒரே பிட்சர் அவர்.

ட்ரவுட்டும் 1946-ல் சோடை போகவில்லை: 17 வெற்றி, இ.ஆர்.ஏ. 2.34. ஆகவே இருவரையும் போர்க்காலத் தள்ளுபடி பெரிதாகத் தொடாது. தள்ளுபடி இல்லையென்றால் 40 இன்னிங்ஸ்தான் பேசும்.

போர்க்கால சீசனுக்கே உரிய இன்னொரு தலைவலி பாதியில் போனவர்கள். பாஸ்டனின் பாபி டோர் .325 அடித்துக்கொண்டிருந்தபோது செப்டம்பரில் ராணுவத்துக்குப் போனார். டெக்ஸ் ஹியூசன் 18-5, 2.26 என்று வீசிவிட்டு ஆகஸ்ட்டில் படைக்குப் போனார். பந்தயத்தில் இருந்த பாஸ்டன் 77-77 என்று முடித்தது. டைகர்ஸுக்கு நேர்மாறு: டிக் வேக்ஃபீல்ட் சீசன் நடுவில் கடற்படையிலிருந்து விடுப்பாகி வந்து 78 ஆட்டத்தில் .355 அடித்தார். என் விதி எளிது. ஆடிய ஆட்டத்துக்குத்தான் மதிப்பு, ஆனால் ராணுவம் கூப்பிட்டுப் போனதை ஒருவர் காயம்பட்டு உட்கார்ந்ததுபோல் அவர் கணக்கில் கழிக்க மாட்டேன். டோர் எனக்கு ஐந்தாவது. நாலாவது பிரவுன்ஸின் ஷார்ட்ஸ்டாப் வெர்ன் ஸ்டீவன்ஸ்: 20 ஹோம் ரன், 109 ஆர்.பி.ஐ., அந்த ஒரே ஒரு லீக் பட்டத்துக்கு முதல் காரணம்.

இதுவரை பேசியதெல்லாம் வெள்ளையர்களின் லீக். படையில் சேராத, உடம்பில் குறையில்லாத ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் அப்போது ஏராளமாக இருந்தார்கள். தோல் நிறம் காரணமாக மேஜர் லீக் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. ஆளில்லை என்று 15 வயதுப் பையனை மேட்டில் ஏற்றினார்கள், அடுத்த ஆண்டு பிரவுன்ஸ் பீட் கிரே என்ற ஒற்றைக் கை வீரரை ஆடவைத்தது (77 ஆட்டம், அவர் திறமையை நான் மட்டமாகப் பேசவில்லை), ஆனால் ஜோஷ் கிப்சனைக் கூப்பிடவில்லை. ஹோம்ஸ்டெட் கிரேஸ் டீமின் கேட்ச்சர் கிப்சன் 1943-ல் .466 அடித்தார், நீக்ரோ லீக் (கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த லீக்) புள்ளிவிவரங்களை மேஜர் லீக் 2024-ல் சேர்த்துக்கொண்டபோது அதுவே அதிகாரபூர்வமான ஒரு சீசன் சாதனை ஆனது. 1944-ல் கிரேஸ் மறுபடி சாம்பியன். அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த கறுப்பின வீரர்களின் ஈஸ்ட்-வெஸ்ட் நட்சத்திர ஆட்டத்துக்கு 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். பிட்ஸ்பர்க்கில் நடந்த மேஜர் லீக் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு 30,000-கூட வரவில்லை. 1944-ல் நாட்டின் சிறந்த வீரர் யார் என்று லீக் பார்க்காமல் கேட்டால், மியூஸியலா கிப்சனா என்று எனக்கு உறுதியாகச் சொல்ல வராது. அவர்கள் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையும் எதிரணிகளும் வேறு. போர்க்கால சீசனில் என்ன குறை என்று கேட்டால், வில்லியம்ஸ் இல்லாததைவிட இதைத்தான் முதலில் சொல்வேன். கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளினுக்காகக் களமிறங்கினார்.

1945 பற்றி: அமெரிக்கன் லீகில் நியூஹவுசர், விவாதமே இல்லை. நேஷனல் லீகில் விருது கப்ஸின் ஃபில் கவரெட்டாவுக்குப் போனது, சராசரி .355, டீம் லீகை ஜெயித்தது. நான் பாஸ்டன் பிரேவ்ஸின் டாமி ஹோம்ஸுக்குக் கொடுப்பேன். .352, 28 ஹோம் ரன், தொடர்ந்து 37 ஆட்டத்தில் ஹிட், முழு சீசனிலும் ஸ்ட்ரைக்அவுட் ஆனது ஒன்பதே முறை. அடுத்த ஆண்டு அவருடைய ஹோம் ரன் 6-க்கு இறங்கியது, ஆகவே அந்த 28-க்குத் தாராளமாகத் தள்ளுபடி கொடுங்கள். அந்த ஒன்பதில் எனக்குக் கைவைக்க மனசு வரவில்லை, 1946-ல் சராசரி .310, கண்ணும் கையும் அப்படியேதான் இருந்தன.